விளிம்பில் இருந்த பெயர்: 1882ஆம் ஆண்டு எகிப்துப் பதக்கம் ஒன்றை உறுதிசெய்த அனுபவம்

பழைய கடற்படைப் பதக்கம் ஒன்று கைக்கு வந்தால், அதன் விளிம்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில், அவற்றைப் பெற்றவரின் பெயரும் பணிநிலையும், கடற்படையினர் என்றால் பல சமயங்களில் கப்பலின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. 1854-55ஆம் ஆண்டுகளுக்கான பால்டிக் பதக்கம் மாலுமிகளுக்குப் பெயர் பொறிக்கப்படாமலேயே வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் மாலுமிகள் பெற்ற நட்சத்திரங்களிலும் பெயர் கிடையாது. அவை அழகானவைதான், ஆனால் யார் மார்பில் இருந்தவை என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பெயருள்ள பதக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பதிவேடுகளில் தேடிப் பிடித்து, இந்தப் பதக்கம் இவருக்கே வழங்கப்பட்டது என்று நிறுவிய பிறகே விலை பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி ஒரு பதக்கத்தை உறுதிசெய்து வாங்கிய விதத்தை, இத்துறையில் புதிதாக நுழைபவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் வெளியான ஏலப் பட்டியல் ஒன்றில், 1882ஆம் ஆண்டின் எகிப்துப் பதக்கமும், அதனுடன் எகிப்தின் ஆட்சியாளரான கெதிவ் வழங்கிய நட்சத்திரமும் ஒரே உருப்படியாக வந்திருந்தன. வெள்ளிப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் விக்டோரியா அரசியின் தலை. மறுபக்கத்தில் பீடத்தின் மேல் ஸ்பிங்க்ஸ், அதற்கு மேலே நாட்டின் பெயர், அடியில் ஆண்டு. மூன்று நீலக் கோடுகளும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் மாறி மாறி வரும் நாடா. பதக்கத்துக்கு மேலே, அலெக்ஸாண்ட்ரியா, ஜூலை 11 என்று பொறித்த ஒற்றைக் கிளாஸ்ப், அதாவது பங்கேற்ற தாக்குதலைக் குறிக்கும் உலோகப் பட்டை. விளிம்பில், கொதிகலனுக்குக் கரி போடும் ஸ்டோக்கர் ஒருவரின் பெயரும், எச்.எம்.எஸ். இன்ஃப்ளெக்ஸிபிள் என்ற போர்க்கப்பலின் பெயரும் இருந்தன. அவருடைய வழித்தோன்றல்கள் யாரேனும் இருக்கக்கூடும் என்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என்னை ஈர்த்தது அந்தக் கிளாஸ்ப்தான். 1882 ஜூலை 11 அன்று காலை ஏழு மணிக்கு, அட்மிரல் சீமோரின் தலைமையில் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்ஸாண்ட்ரியாவின் கோட்டைகள் மீது சுடத் தொடங்கி, மாலை ஐந்தரை மணிவரை சுட்டன. அடுத்த நாட்களில் நகரத்தின் பெரும்பகுதி தீக்கிரையானது. சில வாரங்களில் எகிப்து பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது. இந்தப் பதக்கத்தைச் சேகரிப்பவர் யாரும் எரிந்துபோன அந்த நகரத்தை மறந்துவிட்டுச் சேகரிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இன்ஃப்ளெக்ஸிபிள் 1881இல்தான் பணிக்கு வந்த கப்பல். ஒவ்வொன்றும் சுமார் 80 டன் எடையுள்ள, 16 அங்குலக் குழாய் கொண்ட நான்கு பீரங்கிகள் அதில் இருந்தன. அவை சுட்ட அதிர்வில் கப்பலின் சொந்த மேற்கட்டுமானமும் படகுகளுமே சேதமடைந்தன. பிற்காலத்தில் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து டிரெட்நாட் கப்பலை உருவாக்கிய ஜான் ஃபிஷர்தான் அன்று அதன் கேப்டன். இந்த ஆரவாரம் எதையும் கண்ணால் பார்க்காமல், கொதிகலன் அறையில் நின்று கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய பதக்கம் இது என்ற நினைப்பே என்னைத் தேடலில் இறக்கிவிட்டது.

அந்த நாளில் அந்தக் கப்பல்களில் இருந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கிளாஸ்ப் உரியது. சில வாரங்கள் கழித்து அதே கப்பலில் வந்து சேர்ந்தவருக்குப் பதக்கம் கிடைத்திருக்கலாம், கிளாஸ்ப் கிடைத்திருக்காது. கிளாஸ்ப் இருந்தால் விலை கூடும் என்பதால், வெறும் பதக்கத்தில் வேறோர் இடத்திலிருந்து கழற்றிய கிளாஸ்பைப் பொருத்தி விற்பவர்களும் உண்டு. ஆகவே பதக்கத்தை நேரில் பார்க்க ஏல நிறுவனத்தின் பார்வை நாளுக்குச் சென்றேன்.

முதலில் வெர்னியர் காலிப்பரால் விட்டத்தைப் பல திசைகளில் அளந்தேன். பழைய பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு வேறு பெயரைப் பொறித்திருந்தால், அந்த இடத்தில் 36 மில்லிமீட்டர் விட்டம் சற்றுக் குறைந்திருக்கும். விளிம்பின் ஓரமும் கூர்மை இழந்திருக்கும். இங்கே எந்தத் திசையில் அளந்தாலும் அளவு மாறவில்லை. அடுத்து, அதே கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டு, ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட பதக்கங்களின் படங்களை வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒப்பிட்டேன். எழுத்தின் உயரம், முற்றுப்புள்ளி விழும் இடம், கப்பலின் பெயரைச் சுற்றியுள்ள மேற்கோள் குறிகள் ஆகிய மூன்றும் ஒத்திருந்தன. பிறகு கிளாஸ்பைத் தாங்கும் இரு ஓரங்களிலும் உள்ள ஆணித்தலைகளைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பார்த்தேன். பின்னர் பொருத்தப்பட்ட கிளாஸ்பில் ஆணித்தலை பளிச்சென்றோ நசுங்கியோ இருக்கும், சில சமயம் ஈயப் பற்றும் தெரியும். இங்கே ஆணித்தலைகளைச் சுற்றி, வெள்ளியின் மற்ற பகுதிகளில் இருந்த அதே கருமை சீராகப் படிந்திருந்தது.

பட்டியலில் குறையாகச் சொல்லப்பட்டிருந்த ஒன்றுதான் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது. அரசியின் கன்னத்திலும் கழுத்திலும், அம்மைத் தழும்புபோல, சிறு சிறு குழிகள். எகிப்தின் கெதிவ் தவ்ஃபீக் வழங்கிய ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் இந்தப் பதக்கத்தின் பக்கத்திலேயே அணியப்பட்டது. மாலுமி நடக்கும்போதெல்லாம் அந்த நட்சத்திரத்தின் முனைகள் மென்மையான வெள்ளியில் மோதிக்கொண்டே இருக்கும். நட்சத்திரத்தைப் பதக்கத்தின் அருகே தொங்கவிட்டுப் பார்த்தபோது, முனை எட்டும் இடத்தில்தான் குழிகள் செறிந்திருந்தன. நட்சத்திரத்தில் அரசுமுறையாகப் பெயர் பொறிக்கப்படுவதில்லை என்பதால், அது இந்தப் பதக்கத்தோடு சேர்ந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. குழி விழுந்த பதக்கங்களைப் பலர் ஒதுக்குகிறார்கள். அணியப்பட்ட பதக்கத்தின் அடையாளமே அதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த கட்டம், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். கடற்படைப் பதக்கப் பட்டியல்கள் அங்கே, கடற்படைத் துறை ஆவணங்களைக் குறிக்கும் ஏ.டி.எம். (ADM) என்ற எழுத்துகளுடன் ஏ.டி.எம். 171 என்ற தொகுப்பில், கப்பல்வாரியாக உள்ளன. அவற்றை மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம். இன்ஃப்ளெக்ஸிபிளின் பக்கங்களைத் திருப்பியபோது சிக்கல் வந்தது. அதே பெயரில், அதே பணிநிலையில் இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு நேரே கிளாஸ்ப் குறிக்கப்பட்டிருந்தது, மற்றவருக்குக் குறிக்கப்படவில்லை. அந்தக் காலத்துக் கடற்படைப் பதக்கங்களின் விளிம்பில் பணி எண் பொதுவாக இருக்காது. முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்திருந்தால், ஸ்டோக்கருக்குரிய கே என்ற எழுத்தோடு தொடங்கும் எண்ணே யார் என்று சொல்லிவிட்டிருக்கும். இங்கே அந்த உதவி இல்லை. நான் பார்த்த பதக்கம் இரண்டாமவருடையதாக இருந்தால், கிளாஸ்ப் பின்னால் சேர்க்கப்பட்டது என்று பொருள்.

விடை, பட்டியலின் ஓரக் குறிப்பிலும் பணிப் பதிவேட்டிலுமாகப் பிரிந்து கிடந்தது. 1873 முதல் கடற்படையில் சேர்ந்தவர்களின் விவரங்கள் ஏ.டி.எம். 188 என்ற தொகுப்பில் உள்ளன. இணையத்தில் பெயரைக் கொண்டு தேடிப் பக்கத்தின் படத்தைப் பெறலாம். பிறந்த நாள், ஊர், முன்பு செய்த தொழில், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், உடலில் உள்ள தழும்பு அல்லது பச்சை குத்திய அடையாளம், அதன்பின் ஒவ்வொரு கப்பலிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை பற்றிய குறிப்பு என ஒரு மனிதரின் பணிக்காலம் முழுவதும் அந்த ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கும். முதலாமவர் தாக்குதலுக்கு முந்தைய ஆண்டே இன்ஃப்ளெக்ஸிபிளில் சேர்ந்து, அந்தக் கோடை முழுவதும் அதிலேயே இருந்திருக்கிறார். இரண்டாமவர் ஜூலை முடிந்த பிறகே வந்திருக்கிறார். அவருடைய கடைசிப் பதிவுக்கு எதிரே, கப்பலை விட்டு ஓடிப்போனவர் என்பதைக் காட்டும் ரன் என்ற சொல் இருந்தது. பதக்கப் பட்டியலிலும் அவர் பெயருக்கு நேரே அதே குறிப்பு. ஓடிப்போனவர் பதக்க உரிமையை இழந்துவிடுவார். இவருடைய பதக்கம் வழங்கப்படவே இல்லை என்பதால், இன்ஃப்ளெக்ஸிபிள் என்ற பெயருடன் நான் கண்ட பதக்கம் முதலாமவருடையதாகவே இருக்க முடியும். ஆணித்தலைகள் சொன்னதும் ஏடுகள் சொன்னதும் ஒன்றாகிவிட்டன.

இதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனாலும் வாசகர் அட்டை வாங்கி, ஏ.டி.எம். 53 தொகுப்பில் உள்ள கப்பல் நாட்குறிப்பையும் பார்த்தேன். பென்சில் மட்டுமே அனுமதிக்கப்படும் அந்த அறையில், தடித்த ஏட்டைத் தாங்கு மெத்தைகளின் மேல் வைத்துப் படிக்கும்போது, காற்றின் திசை, வானிலை, செலவான கரி ஆகியவற்றை எழுதுவதற்கான கட்டங்களே முதலில் கண்ணில் பட்டன. போர் நாளுக்கும் அதே கட்டங்கள்தான். கரிக்கான கட்டத்தில் இருந்த எண், நான் தேடிவந்த மனிதரின் உழைப்பும் சேர்ந்த கணக்கு என்பதால் அதைக் குறித்துக்கொண்டேன்.

ஏலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் தரவேண்டிய கட்டணமும் அதன் மீதான வரியும் சேரும். அதைக் கணக்கிட்டு, என் உச்ச வரம்பை முன்பே பவுண்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரம்புக்குள்ளேயே கிடைத்தது.

வாங்கிய பதக்கத்தை நான் மெருகேற்றவில்லை. மெருகுப் பொருள் ஒவ்வொரு முறையும் சிறிதளவு வெள்ளியை எடுத்துக்கொண்டுதான் போகும். விளிம்பில் உள்ள பெயர்தான் அதனால் முதலில் மங்கும். பிவிசி உறைகளும் கூடாது, அவற்றிலிருந்து கசியும் பொருள் உலோகத்தில் பசையாகப் படிந்துவிடும். நைந்துபோன பழைய நாடாவை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பட்டியல் பக்கத்தின் பிரதியும் பணிப் பதிவேட்டின் பிரதியும் பதக்கத்துடன் ஒரே பெட்டியில் இருக்கின்றன. இதை அடுத்து வைத்திருக்கப்போகிறவர், இருவரில் எவர் என்ற கேள்வியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அவருடைய பணிப் பதிவேட்டில், நீண்ட பணிக்கும் நன்னடத்தைக்குமான பதக்கம் வழங்கப்பட்டதாகவும் குறிப்பு இருக்கிறது. அது இந்தத் தொகுதியோடு வரவில்லை. எப்போதோ பிரித்து விற்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதக்கத்தின் விளிம்பில் அது வழங்கப்பட்டபோது அவர் இருந்த கப்பலின் பெயர்தான் இருக்கும் என்பதால், இன்ஃப்ளெக்ஸிபிள் என்று தேடினால் கிடைக்காது. பதிவேட்டில் உள்ள பிற்காலக் கப்பலின் பெயரையும், அதற்குள் அவர் உயர்ந்திருந்த தலைமை ஸ்டோக்கர் என்ற பணிநிலையையும் வைத்து ஏலப் பட்டியல்களைப் பார்த்துவருகிறேன்.