வானொலிக்கு என் முகம் தெரியாது

மகன் ஆறாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆசிரியை நல்ல மனுசி. சிரித்த முகத்தோடு அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் 'ரெட்டிசென்ட்' என்று ஒரு சொல்லைப் போட்டார். நான் அதைக் காதில் வாங்கி மறுமொழி சொல்ல ஒரு கணம் பிந்தியிருக்கும். அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு விளங்கப்படுத்து" என்றார். பதினொரு வயதுப் பிள்ளை கதிரை நுனியில் இருந்தபடி, "நான் கனக்கக் கதைக்கிறேல்லையாம் அம்மா" என்றான். ரீச்சர் சொன்னது எவ்வளவு சரி என்பதை அந்த ஒற்றை வசனத்திலேயே காட்டியும் விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். தாய்க்கு ஏதோ நடந்துவிட்டது என்று பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். ஊரில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவள். படிப்பெல்லாம் தமிழில்தான், ஆனால் உசாத்துணைப் புத்தகங்கள் ஆங்கிலம். 'ரெட்டிசென்ட்' நான் கண்ணால் பலமுறை கண்ட சொல். ஒருவர் வாயிலிருந்து வந்து என் காதில் விழுந்தது அன்றுதான் முதற்தடவை.

கனடாவுக்கு வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் 'லிங்க்' வகுப்புக்குப் போனேன். புதிதாகக் குடியேறுபவர்களுக்கு மத்திய அரசு 1992இல் தொடங்கிய இலவச மொழி வகுப்பு. கனடாவில் மொழித் திறனை 12 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். குடியுரிமை எடுக்க 4ஆம் படி போதும். வகுப்பிலே டொக்டரிடம் வருத்தத்தைச் சொல்லவும், வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் முறையிடவும், பஸ் பிந்தினால் வேலைத்தலத்துக்கு அறிவிக்கவும் படிப்பித்தார்கள். வந்திறங்கியவருக்கு அவை அவசியம், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விசயத்தில் பாதி சம்மதம், பாதி சம்மதமில்லை என்றால் அதை எப்படிச் சொல்வது? ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்பதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சுட்டுவது? வளர்ந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் கதைக்கத் தேவையான அந்தச் சொற்கள் 9ஆம் படிக்கு மேலே இருக்கின்றன. அங்கே ஏறமுன்பே எங்களில் முக்கால்வாசிப்பேர் வேலைக்குப் போய்விடுவோம்.

சரி, வேலையில் கேட்டுப் பழகலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. ஏனென்றால் இந்த ஊர்ச் சனம் அன்பானது. நான் வாய் திறந்த உடனே அவர்கள் தங்கள் ஆங்கிலத்தை எனக்காகக் குறைத்துவிடுவார்கள். சொற்களைச் சின்னதாக்கி, இடைவெளி விட்டு, கொஞ்சம் சத்தமாக. எனக்குப் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கும்போது ஒரு ஆங்கிலம், என் பக்கம் திரும்பினால் வேறு ஆங்கிலம். திட்டுகிறவர்களிடமாவது நாலு புதுச் சொல் கிடைக்கும். இரக்கப்படுகிறவர்களிடம் அதுவும் கிடைக்காது. இதை நினைத்து நான் பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல, இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த பேஸ்மென்ற் வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ரேடியோ ஒன்று சமையலறை ஜன்னலடியில் இருந்தது. பெற்றோர் சந்திப்புக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அதைத் திருகினேன். சிபிசி, கனடாவின் பொது வானொலி, 99.1. மாலை 6.30க்கு 'ஆஸ் இற் ஹப்பன்ஸ்' போய்க்கொண்டிருந்தது. 1968 முதல் நடக்கும் நிகழ்ச்சி. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும், அதில் சம்பந்தப்பட்டவரைத் தொலைபேசியில் பிடித்து நேரடியாகக் கேள்வி கேட்பார்கள். எழுபதுகளில் பார்பரா ஃப்றம் என்பவர் கேட்ட கேள்விகளைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். நான் கேட்கத் தொடங்கிய காலத்தில் கரல் ஓஃப். அவர் ஒரு அமைச்சரை விடாமல் மடக்கிக்கொண்டிருந்தார். அமைச்சர் நழுவினார். இரண்டு பேரும் எனக்காக ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. வானொலிக்கு என் முகம் தெரியாது. கேட்டுக்கொண்டிருப்பது யாழ்ப்பாணத்துப் பொம்பிளையா, ஒட்டாவாவில் பிறந்த வக்கீலா என்று அதற்குக் கவலையில்லை. எல்லாருக்கும் ஊற்றுவதைத்தான் எனக்கும் ஊற்றியது.

செய்தி அறிக்கையில் இது கிடைக்காது. செய்தி எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்று எழுதி வாசிப்பது. அதில் சொற்கள் சின்னவை, வசனங்கள் கட்டை. பேட்டியில் மனிதர் மாட்டுப்பட்டு நிற்கிறார், சொல்லைத் தேடுகிறார், தேடியெடுத்த சொல் போதாதென்று இன்னொன்றையும் பக்கத்தில் வைக்கிறார். அந்த இரண்டாவது சொல்தான் எனக்கு அகராதி. அதைவிடப் பெரிய உதவி கேள்வி கேட்பவர் செய்வது. விருந்தினர் ஒரு முடிவைப் பற்றித் தான் 'அம்பிவலன்ற்' ஆக இருந்ததாகச் சொல்லுவார். பேட்டியாளர் உடனே, "அப்படியென்றால் உங்களில் ஒரு பாதிக்குப் போக விருப்பம், மறு பாதிக்கு இல்லையா?" என்று கேட்பார். கேட்பவர்கள் வழிதவறக்கூடாது என்பதற்காக நல்ல பேட்டியாளர் எல்லாரும் இதைச் செய்வார்கள். பாரமான சொல் ஒரு வாயிலிருந்து வரும், அதன் பொருள் மற்ற வாயிலிருந்து வரும். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு கிட்ட வைத்து விளக்கியதில்லை.

தமிழ்க்கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். காதில் விழுந்ததை முதலில் தமிழ் எழுத்தில் எழுதுவேன். சொல்லைக் கேட்ட உடனே ஆங்கிலத்தில் எழுதப்போனால், கண் தனக்குத் தெரிந்த எழுத்தைப் போட்டுக் காதை ஏமாற்றிவிடும். அரசியல் பேட்டிகளில் அடிக்கடி 'இன்டைற்' என்று ஒரு சொல் வரும், ஆள்மேல் குற்றப்பத்திரம் வைப்பது. பத்திரிகையில் அதே இடத்தில் நடுவில் 'சி' எழுத்துப் போட்ட வேறொரு சொல் (indict) நிற்கும். இரண்டும் ஒன்று என்று சீடர்பிரே நூலகத்தில் பெரிய அகராதியை விரித்து வைத்துக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தைப் பக்கத்திலிருந்த சீனக் கிழவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கும் சந்தோசம். 'எபிற்றமி' (epitome), 'ஹைப்பர்பலி' (hyperbole), 'கேவியாற்' (caveat) எல்லாம் இப்படிக் கண்ணும் காதும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குச் சொந்தமாயின. எழுதியதை எழுதியபடி வாசிக்கும் பாசையில் வளர்ந்த எங்களுக்கு இந்த வேலை இரட்டிப்பு. எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அந்த நிகழ்ச்சியில் எனக்கு உயிரான வழக்கம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஏதாவது ஒரு ஊரில் இருப்பவரைப் பேட்டி கண்டு முடித்ததும், அந்த ஊர் ரெடிங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லுவார்கள். ஏன் ரெடிங் என்று கேட்டால், அது அவர்களுடைய பழைய பகிடி. எழுத்தில் அது 'ரீடிங்' மாதிரித்தான் இருக்கும், வாசிப்பு என்கிற அதே எழுத்துகள். வானொலி கேட்காதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. முதற்தடவை கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் அப்பாவும் இப்படித்தான். எந்த ஊரைச் சொன்னாலும், "சாவகச்சேரியிலிருந்து எத்தினை கட்டை?" என்று கேட்பார். மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதே கேள்வி, செத்தவீட்டுக்குப் போகும்போதும் அதே கேள்வி. கொழும்பைக்கூட அவர் சாவகச்சேரியிலிருந்துதான் அளந்தார்.

இப்போது எனக்கு ரொறன்ரோ பழகிவிட்டது. பனியில் எந்தச் சப்பாத்து வழுக்கும், எந்த பஸ்ஸில் ஹீற்றர் வேலை செய்யாது எல்லாம் அத்துப்படி. ஆனாலும் அந்த நிகழ்ச்சியில் தூரத்து நாட்டுத் தொலைபேசி இணைப்பு மங்கி, குரல் அமிழத் தொடங்கினால் என் வலது கை தன்பாட்டில் அசையும். 1990இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் பூட்டுவார். இரவு பிபிசி தமிழோசை நேரத்துக்கு அயலட்டை முழுக்க எங்கள் விறாந்தையில் கூடும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. ஒரே சீராகச் சுற்றவேண்டும். கை ஓய்ந்தால் லண்டன் குரல் குழறி அமிழும், "சுத்து பிள்ளை, சுத்து" என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் வரும். யாரையாவது பேட்டி காணும் நாளில்தான் சரியான கஷ்டம். செய்தியில் ஒரு வசனம் தவறினால் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம், பேட்டியில் ஒரு பதில் தவறினால் பிறகு வரும் கேள்வியே விளங்காது. அதனால் பெரிய மாமா பேட்டி தொடங்கியதும் என்னை விலக்கிவிட்டுத் தானே சுற்றுவார். சங்கக்கடையில் மா வரிசையில் நிற்கும்போது மறுநாள் முழுக்க அந்தப் பேட்டிதான் பேச்சு. ஒரு மனிதர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று மத்தியானம் வரைக்கும் தர்க்கம் நடக்கும். பெடல் சுற்றியவள் என்பதால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ வேலை, அதாவது பராமரிப்பு உதவியாளர் வேலை, செய்கிறேன். அங்கே இருந்த ஒரு மூதாட்டியின் அறையில் நாள் முழுக்க சிபிசிதான். மத்தியானம் ஒரு மணிக்கு நேரம் அறிவிக்கும் 'நீண்ட கோடு' ஒலி வரும்போது விரலைத் தூக்குவார், எல்லாரும் பேசாமல் இருக்கவேண்டும். 1939இல் தொடங்கிய அந்த ஒலியை 2023 ஒக்ரோபரில் நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்க அவர் இல்லை. பேட்டிகளுக்கு நடுவில் அவர் தன்பாட்டில் நியாயம் தீர்த்துக்கொண்டே இருப்பார். "பொய். அவன் 'டிஸின்ஜென்யுவஸ்'." முகம் துடைத்துவிட்டுக்கொண்டே, அது பொய்யன் என்பதிலிருந்து எப்படி வித்தியாசம் என்று கேட்டேன். துவாயைத் தள்ளிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். பொய்யனுக்குத் தெரிந்தது ஒன்று, சொல்வது வேறொன்று. இவனோ சொல்வதில் ஒன்றும் பிழையில்லாமல் பார்த்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கிறான் என்றார். இவ்வளவையும் தன் வழமையான வேகத்தில், ஒரு சொல்லையும் குறைக்காமல் சொன்னார். இந்த நாட்டில் என்னை ஆசிரியையாக மதித்துக் கதைத்த முதல் ஆள் அவர்தான்.

இல்லத்தில் வேலை நேரத்தை மாற்றுவதற்குக் கூட்டம் வைத்தார்கள். இரவு நேரத்தில் ஆட்களைக் குறைக்கும் திட்டம். மேலாளர் வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பிச் சின்னச் சொற்களில் விளக்கினார். நான் எழும்பி, எனக்கு இதில் 'ரிசர்வேஷன்ஸ்' உண்டு, முழுச் சம்மதமில்லாத தயக்கங்கள் உண்டு என்றேன். மூன்று காரணம் சொன்னேன், ஒன்றில் அவர் பக்கம் நியாயம் இருப்பதையும் ஒத்துக்கொண்டேன். எதிராளிக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு மறுப்பது எப்படி என்று நான் வானொலியில் மாலை மாலையாகக் கேட்டிருக்கிறேனே. மேலாளரின் ஆங்கிலம் அந்த இடத்திலேயே மாறியது. இடைவெளிகள் போயின, சத்தம் குறைந்தது, பக்கத்திலிருந்த கணக்காளரோடு கதைக்கும் ஆங்கிலம் எனக்கும் வந்தது. இரவு ஆட்களையும் குறைக்கவில்லை.

வீட்டில் மட்டும் ரேடியோவுக்குப் போட்டி. காரில் ஏறினால் இவருக்குத் தமிழ் வானொலி வேண்டும். மரண அறிவித்தல் தவறக்கூடாது, ஊரில் ஆர் போனது என்று தெரியவேண்டும். "இஞ்சேரும், உந்த வெள்ளைக்காரர் கதைக்கிறதை நாளைக்கும் கேக்கலாம், செத்தவர் நாளைக்குச் சாகமாட்டார்" என்பார். அது நியாயம்தான். நானும் அமைதியாகிவிடுவேன். அறிவித்தலில் கைதடி, மட்டுவில், நுணாவில் என்று ஊர்ப்பெயர்கள் வரத் தொடங்கினால் சிபிசியை மறந்துபோவேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மட்டும் எனக்கு. எலனோர் வொக்ரெல் எழுத்தாளர்களைப் பேட்டி கண்ட நிகழ்ச்சி அப்போதுதான் போகும். 1990 முதல் 2023 வரை நடந்தது. அவர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார், அவசரப்படமாட்டார். என் கொப்பியில் ஆகத் தடித்த சொற்கள் எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வரவு. இப்போது பழைய பேட்டிகளை போனில் போட்டுக் கேட்கிறேன்.

அண்மையில் வன்னியிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி எங்கள் இல்லத்தில் சேர்ந்திருக்கிறாள். ஆங்கிலம் படிக்க எந்தச் செயலி நல்லது அக்கா என்று கேட்டாள். செயலியை விடு, பின்னேரம் ஆறரைக்கு ரேடியோவைப் போடு என்றேன். செய்தியில் நேரத்தைச் செலவழிக்காதே, பேட்டியைக் கேள். ஒரே பேட்டியை இரண்டாவது முறை கேள். ஒருவர் வாயிலிருந்து வந்ததும் சொல்லை எழுதிவிடாதே, அது அவருடைய தனிப் பழக்கமாக இருக்கலாம். வேறொருவர் வாயிலிருந்தும் வந்தால் எழுது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த கிழமை இடைவேளையில் கொப்பியோடு வந்து நின்றாள். முதற்பக்கத்தில் நான் கேள்விப்படாத ஒரு சொல். மேப்பிள் லீஃப்ஸ் தோற்ற இரவில் ஒரு ஹொக்கி வீரனின் பேட்டியில் பிடித்தாளாம். இரண்டாவது வாய் எங்கே என்று கேட்டேன். "அவன் அதை ரெண்டு தரம் சொன்னவன் அக்கா" என்றாள்.