கார்லிஸ் இன்ஜின்: கொக்கி, டேஷ்பாட், கவர்னர்

பழைய மில் நீராவி இன்ஜின் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வாய்த்தால், ஃப்ளைவீல் என்ற பெரிய சக்கரத்திலேயே நின்றுவிடாமல் சிலிண்டர் பக்கம் போங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வோர் உருளை வால்வு, நடுவே அவற்றை ஆட்டும் தட்டு (ரிஸ்ட் பிளேட்) என்றிருந்தால் அது பெரும்பாலும் கார்லிஸ் இன்ஜின். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து ஜார்ஜ் கார்லிஸ் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு.

மேல் வால்வுகள் இரண்டும் நீராவியை உள்ளே விட, கீழ் வால்வுகள் வெளியேற்ற. சறுக்கி நகரும் வால்வு கொண்ட ஸ்லைடு வால்வு இன்ஜினில் இரண்டுக்கும் ஒரே வழி. ஆறிய நீராவி போன வழியில் புதிய நீராவி வரும்போது, அதில் ஒரு பங்கு வேலை செய்யாமலே தண்ணீராகிவிடும். இங்கே அந்த நஷ்டம் குறைவு. வெளியேற்றும் வால்வுகள் அடியில் இருப்பதால் தேங்கும் தண்ணீரும் வடிந்துவிடும்.

மேல் வால்வைத் திறப்பது ஒரு கொக்கி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நகர்த்தும் சின்ன கேம் (மேடுள்ள துண்டு) கொக்கியைத் தட்டிவிட்டதும், டேஷ்பாட் என்ற சிறு உருளைக் கருவி வால்வைச் சட்டென்று மூடிவிடும். வேகம் கூடினால் கவர்னரின் சுழலும் குண்டுகள் உயரும், கொக்கி சீக்கிரமே விடும், நீராவி குறையும். வால்வை இழுப்பது எக்சென்ட்ரிக் (ரிஸ்ட் பிளேட்டை ஆட்டும், மையம் விலகிய சக்கரம்), மூடுவது டேஷ்பாட்; கவர்னருக்குக் கேமை நகர்த்தும் வேலை மட்டுமே. அதனால்தான் அது அத்தனை நுணுக்கமாக வேகத்தைக் காக்கிறது. இதைவிட அழகான தீர்வு அந்தக் கால இயந்திரங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே எக்சென்ட்ரிக் உள்ள இன்ஜினில், பிஸ்டன் தன் ஓட்டத்தின் (ஸ்ட்ரோக்கின்) பாதியை எட்டுமுன் கொக்கி விட்டாக வேண்டும். ரிஸ்ட் பிளேட் திரும்பத் தொடங்கிவிட்டால் கேம் கொக்கியை எட்டாது; கடைசிவரை நீராவி போய்க்கொண்டே இருக்கும். பாரம் மிகும்போது இன்ஜின் திடீரென்று நிலக்கரியைத் தின்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிகம் தொல்லை தருவது டேஷ்பாட்தான். அதன் பிளஞ்சர் (உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன்) மேலே எழும்போது அடியில் வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் அதைக் கீழே தள்ளும். காற்றுப் புகாமல் அடைக்கும் தோல் பேக்கிங் காய்ந்தால் காற்று புகுந்துவிடும், பிளஞ்சர் முழுதாக இறங்காது. அடுத்த சுற்றில் கொக்கி மாட்டாமல் தவறும், ஒரு பக்கத்துக்கு நீராவியே போகாது, இன்ஜின் நொண்டும். நீராவியை மூடிவிட்டு, கொக்கியை விலக்கிப் பிளஞ்சரைக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள். மந்தமான 'தொம்' சத்தம் வந்தால் சரி. 'டணார்' என்று அடித்தால் காற்று மெத்தை போதவில்லை, காற்று வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்று இறுக்குங்கள். பாதியில் தயங்கினால் தளர்த்துங்கள். அப்போதும் தயங்கினால் பேக்கிங்கைப் பாருங்கள். பிளஞ்சரையும் வால்வையும் இணைக்கும் ராடின் நீளமும் முக்கியம்: பிளஞ்சர் அடியில் அமர்ந்திருக்கும்போது, கொக்கி தான் மாட்ட வேண்டிய கட்டையை மிகச் சிறிய இடைவெளியோடு தாண்டி விழ வேண்டும். நீளம் பிசகினால் ஒன்று மாட்டாது, அல்லது முட்டி வால்வுத் தண்டை வளைத்துவிடும்.

கவர்னர் பெல்ட் அறுந்தால் குண்டுகள் அடிக்கு இறங்கும்; இன்ஜினோ வேகம் குறைந்ததாக எண்ணி முழு நீராவியை வாங்கும். ஃப்ளைவீல் சிதறுவது இப்படித்தான். இதற்காகவே பாதுகாப்பு கேம் உண்டு: குண்டுகள் ஒரேயடியாகக் கீழே வந்தால் கொக்கி மாட்டவே மாட்டாது. ஆனால் இன்ஜினைக் கிளப்பும்போதும் குண்டுகள் கீழேதானே இருக்கும்? அதற்காகக் கவர்னரைச் சற்று உயர்த்திப் பிடிக்க ஒரு பின்னைச் செருகுவார்கள். வேகம் பிடித்த உடனே அந்தப் பின்னை உருவிவிட வேண்டும். மறந்தால் பாதுகாப்பு கேம் இருந்தும் இல்லாததுதான்.