2.303 எங்கிருந்து வந்தது? கல்லூரிக்கு முன் நானே படித்த நுண்கணிதம்

பிளஸ் டூவில் நான் எடுத்தது பியூர் சயின்ஸ். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டாயிற்று. பி.எஸ்சி. வேதியியல் சேரலாம் என்று விசாரித்தபோதுதான், முதல் வருஷம் துணைப்பாடமாகக் கணிதம் உண்டு என்று தெரிந்தது. கல்லூரி திறக்க இரண்டரை மாதம் இருந்தது. குலசேகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நேராக எல்லைகள் பாடத்தைத் திறந்தது தவறு. காரணிப்படுத்தலும் அடுக்குக்குறி விதிகளும் மறந்துபோயிருந்ததால் ஒரு கணக்கும் நகரவில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கே திரும்பி இரண்டு வாரம் செலவழித்தேன். நாள் போகிறதே என்று அழுகை வந்தது. ஆனால் வேகம் பிடித்தது அதற்கப்புறம்தான்.

ஒன்று மாறும்போது அதைச் சார்ந்த இன்னொன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் வகைக்கெழு. அதை முதலில் வெறும் எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். 3-இன் வர்க்கம் 9. 3.1-இன் வர்க்கம் 9.61. கூடியது 0.61; அதை 0.1-ஆல் வகுத்தால் 6.1. 3.01-க்குச் செய்தால் 6.01, 3.001-க்கு 6.001. எண் 6-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு இரண்டு எக்ஸ் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

சொல்லித்தர ஆளில்லாத எனக்கு இந்த வழி கடைசி வரை உதவியது. ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவற்றுக்கு வகைக்கெழு காணும் சங்கிலி விதியில், (3எக்ஸ் + 1)-இன் வர்க்கத்துக்கு உள்ளே இருக்கும் 3-ஆல் பெருக்க அடிக்கடி மறப்பேன். எக்ஸ் 1 என்று வைத்தால் என் விடை 8. கால்குலேட்டரில் 1-க்கும் 1.01-க்கும் போட்டால் 24.09 வந்தது. சரியான விடை 24. தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

தொகையிடல், அதாவது சிறு சிறு துண்டுகளைக் கூட்டி மொத்தம் காண்பது, புரிந்தது தோட்டத்தில். அப்பா ரப்பர் வெட்டுக்காரர். ஒரு நாள் விடியற்காலையில் அவரோடு போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சிரட்டையில் விழும் பாலை அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் எண்ணினேன். "என்ன மக்களே, சொட்டா எண்ணுதே?" என்றார் அப்பா. முதலில் 90, அப்புறம் 52, 30, 17, கடைசியில் 10. இரண்டு மணி நேரம். வரைபடத்தாளில் புள்ளி வைத்து நேர்கோடுகளால் இணைத்து, கீழே உள்ள பரப்பைக் கூட்டினேன்: 4,470 சொட்டு. மருந்து சிரிஞ்சில் பார்த்தபோது 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் 223 மில்லி. சிரட்டையில் இருந்தது சுமார் 210! உண்மையான கோடு நேர்கோட்டுக்குக் கீழே குழிந்த வளைவு என்பதால் நேர்கோடு போட்டால் பரப்பு கொஞ்சம் கூடத்தான் காட்டும். அதுவும் அன்றைக்கே விளங்கியது.

அந்த எண்களை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு அரை மணிக்கும் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பக் குறைகிறது. இதை எங்கோ படித்திருக்கிறேனே! பிளஸ் டூ வேதியியலில் முதல் வகை வினை. அதன் சூத்திரத்தில் வரும் 2.303-ஐ ஏன் என்று கேட்காமல் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருந்தேன். அன்று ராத்திரி நோட்டில் நானே போட்டேன். குறையும் வேகம் இருக்கும் அளவுக்கு (எக்ஸ்) ஏற்றது என்பதால் 1/எக்ஸைத் தொகையிட வேண்டும்; தொகையிட்டால் இயல் மடக்கை (e அடிமான மடக்கை) வருகிறது. நாம் பயன்படுத்துவதோ 10 அடிமான மடக்கை. அதை இயல் மடக்கையாக்க 10-இன் இயல் மடக்கையால் பெருக்க வேண்டும். அதன் மதிப்புதான் 2.303. அரைவாழ் காலத்தில், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரத்தில், வரும் 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. நோட்டை மூட மனசே வரவில்லை. அப்பா வெட்டுக்குப் போக எழுந்தபோதும் நான் விழித்துத்தான் இருந்தேன்.

கல்லூரி திறந்தபோது முக்கோணவியல் தொகையீடுகள் பாதிதான் முடிந்திருந்தன. பகுதித் தொகையிடலைத் தொடவே இல்லை. அவற்றை வகுப்பில் படித்துக்கொண்டேன்.