வேக டோர்னமென்ட்டில் பத்து பிளைண்ட்: தள்ளுவது தாராளம், கால் பண்ணுவது கஞ்சம்

பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட போக்கர் டோர்னமென்ட் அமைப்பு இது: ஆளுக்கு 500 சிப், 10/20 பிளைண்டில் (ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகக் கட்டுவது: ஸ்மால் பிளைண்ட் 10, பிக் பிளைண்ட் 20) தொடக்கம், மூன்று நிமிடத்துக்கு ஒரு லெவல். அடுத்தடுத்து 15/30, 20/40, 30/60, 40/80, 50/100. தொடக்கத்தில் 25 பிக் பிளைண்ட் இருக்கும் ஸ்டாக், ஒரு சிப்கூடக் குறையாமல் அப்படியே இருந்தாலும், ஒன்பது நிமிடம் முடியும்போது 8 பிளைண்ட்தான். ஃப்ளாப், டர்ன் என்று மேசையில் திறக்கும் பொதுக் கார்டுகளைப் பார்த்து நிதானமாக ஆட முதல் இரண்டு லெவலில்தான் இடமுண்டு. அதற்கு மேல் பெரும்பாலான முடிவுகள் கையில் உள்ள இரண்டு கார்டை வைத்தே: ஆல்-இன் தள்ளுவதா (எல்லாச் சிப்பையும் போடுவதா), ஃபோல்டா (கையை விட்டுவிடுவதா)?

ஆடியது காசில்லாத சிப்பில். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. கணக்கைப் பழக இலவச சிப்பே போதும். ஆனால் இலவச சிப்புக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அது கீழே வருகிறது.

மேசையில் கையால் கார்டு போட்டு ஆடினால் மூன்று நிமிட லெவல் சரிப்படாது. மணிக்கு 25, 30 கைதான் ஓடும், அதாவது ஒரு லெவலுக்கு ஒன்றோ இரண்டோ கை. பிளைண்ட் ஏறும் நேரத்தில் யார் இடத்தில் பட்டன் (கைக்குக் கை நகரும் டீலர் அடையாளம்) இருக்கிறதோ, அதைப் பொறுத்து ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். நிமிடத்தை விட்டுவிட்டு கையை எண்ணுவது நல்ல தீர்வு. ஆறு பேர் என்றால் ஆறு கைக்கு ஒருமுறை பிளைண்டை ஏற்றலாம். எல்லோரும் ஒவ்வொரு லெவலிலும் ஒருமுறை பிளைண்ட் கட்டியிருப்பார்கள்.

முதலில் பழக்க வேண்டியது ஸ்டாக்கை அடுத்த லெவலின் பிளைண்டால் வகுத்துப் பார்ப்பது. 40/80-இல் 600 சிப் என்றால் ஏழரை பிளைண்ட் என்று தோன்றும். இரண்டு கையில் 50/100 வரப்போகிறது என்றால் அது ஆறுதான். ஆன்டியும் (பிளைண்டுக்கு மேல் பிக் பிளைண்ட் கட்டும் இன்னொரு பிளைண்ட் அளவு தொகை) இருந்தால் ஒரு சுற்று வருவதற்கே இரண்டரை பிளைண்ட் போய்விடும்.

இப்போது தள்ளும் கணக்கு. பிளைண்ட் 50/100, கையில் 1000 சிப், நீங்கள் பட்டன், முன்னால் எல்லோரும் ஃபோல்ட். ஆன்டி இல்லையென்றால் நடுவில் இருப்பது 150. 1000-ஐத் தள்ளுகிறோம், பிக் பிளைண்ட் கட்டியவர் கால் பண்ணுகிறார் (அதே அளவு போட்டு எதிர்கொள்கிறார்), நம் கைக்கு 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பாட் (நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்) 2050, அதில் நம் பங்கு சுமார் 717, ஆக நஷ்டம் 283. ஃபோல்ட் ஆனால் லாபம் 150. நஷ்டமில்லாமல் இருக்க எதிராளிகள் 65 சதவீத நேரம் ஃபோல்ட் பண்ண வேண்டும். இதே இடத்தில் பிக் பிளைண்ட் 100 ஆன்டியும் கட்டியிருந்தால் நடுவில் 250, கால் ஆனால் பாட் 2150, நஷ்டம் 248. இப்போது 50 சதவீத ஃபோல்டே போதும். இரண்டு பேர் மிச்சம் இருப்பதால், ஒவ்வொருவரும் தங்கள் கைகளில் கிட்டத்தட்ட 29 சதவீதத்தைக் கால் பண்ணினாலும் நமக்கு நஷ்டமில்லை. 9-8 சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) இந்த இடத்தில் தள்ளும் கையாக மாறுவது இதனால்தான். ஆன்டி உள்ள ஆட்டத்துக்கும் இல்லாத ஆட்டத்துக்கும் ஒரே சார்ட்டை (எந்தக் கையைத் தள்ளலாம் என்ற பட்டியலை) பயன்படுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஏஸ்-2 ஏன் தள்ளும் பட்டியலில் வருகிறது என்று பலர் கேட்பார்கள். கையில் ஒரு ஏஸ் இருந்தால், எதிராளிக்கு ஏஸ்-ஏஸ் வரும் ஆறு சேர்க்கை மூன்றாகக் குறைகிறது; ஏஸ்-கிங் 16-இலிருந்து 12 ஆகிறது. கால் பண்ணும் கைகளில் பாதிக்கு மேல் ஏஸ் உள்ளவை என்றால் அது சின்ன விஷயமில்லை.

பத்து பிளைண்டில் குறைவாக ரெய்ஸ் செய்துவிட்டு (பந்தயத்தை ஏற்றிவிட்டு) பிறகு ஃபோல்ட் பண்ணுவது சிப்பை வீணாக்குகிறது. மேலே சொன்ன அதே இடத்தில் 250-க்கு ரெய்ஸ் செய்து, பிக் பிளைண்ட் 1000 தள்ளினால், 750 போட்டு 2150 பாட்டுக்கு ஆடும் நிலை. தேவை 35 சதவீதம். ரெய்ஸ் செய்யத் தகுதியான எந்தக் கைக்கும் பெரும்பாலும் அது இருக்கும். அப்படியானால் முதலிலேயே தள்ளியிருக்கலாம், எதிராளி ஃபோல்ட் பண்ணும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறு, நல்ல கைக்காகக் காத்திருப்பது. மூன்று பிளைண்டுக்கு இறங்கிவிட்டால் தள்ளுவதற்குப் பலமில்லை. அதே 50/100, ஆன்டியோடு: 300 தள்ளினால் பிக் பிளைண்ட் 200 போட்டு 750-க்கு ஆடுகிறார். அவருக்கு 27 சதவீதம் போதும். எதிரில் எந்தக் கை இருக்குமென்றே தெரியாத நிலையில் 7-2 ஆஃப்சூட்டுக்கே (வெவ்வேறு சின்னம்) 34 சதவீதத்துக்கு மேல் உண்டு. ஆறு பிளைண்டுக்குக் கீழே போகும் முன் ஒரு நல்ல இடம் பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

இலவச சிப் மேசையில் இந்த ரேஞ்ச் (தள்ளும் கைகளின் பட்டியல்) அப்படியே ஓடாது. அங்கே பலர் பாதிக்கு மேற்பட்ட கைகளைக் கால் பண்ணுகிறார்கள். மேலே உள்ள ஆன்டி உதாரணத்தில் இருவரும் 60 சதவீதக் கைகளைக் கால் பண்ணினால், இருவரும் சேர்ந்து ஃபோல்ட் ஆவது 16 சதவீத நேரம்தான். ஒருவர் மட்டுமே கால் பண்ணுவதாக எடுத்தாலும் நம் கைக்குத் தேவை 44 சதவீதத்துக்கும் மேல். 6-5 சூட்டட் விழுந்துவிடும், 9-8 சூட்டட் எல்லையில் தள்ளாடும். ஏஸ்-5, கிங்-9 நன்றாகத் தாண்டும். கால் பண்ணும் கூட்டத்திடம் அழகான கார்டு வேண்டாம், உயர்ந்த கார்டு வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பபிள், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்கெல்லாம் பரிசு என்ற கட்டம். ஒன்பது பேர் ஆட்டம், பரிசு 50, 30, 20 சதவீதம், நான்கு பேர் மிச்சம், ஆளுக்குப் பத்து பிளைண்ட், ஆன்டி இல்லை. ஸ்மால் பிளைண்ட் தள்ளுகிறார், நீங்கள் பிக் பிளைண்ட். சிப் கணக்கில் 9 போட்டு 20-க்கு ஆடுகிறீர்கள், 45 சதவீதம் போதும். பரிசுப் பணத்தின் கணக்கில், அதாவது ஐசிஎம் முறையில், ஃபோல்ட் பண்ணினால் உங்கள் பங்கு மொத்தப் பரிசில் 23.3 சதவீதம். ஜெயித்தால் 20, 10, 10 என்ற நிலையில் 38.3. தோற்றால் பூஜ்யம். 23.3-ஐ 38.3-ஆல் வகுத்தால் 61. சிப் இரட்டிப்பானாலும் பணம் இரட்டிப்பாவதில்லை, வித்தியாசம் முழுக்க அதில்தான்.

எதிராளி எந்த இரண்டு கார்டையும் தள்ளுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், ராணி-7 ஆஃப்சூட்டின் 52 சதவீதம் சிப் கணக்கில் தாராளமான கால், இங்கே ஃபோல்ட். 5-5 ஜோடியும் 60-தான், மயிரிழையில் ஃபோல்ட். 6-6 என்றால் கால் பண்ணலாம். அவர் கொஞ்சம் இறுக்கமாகத் தள்ளுபவர் என்றால் 6-6-உம் ஃபோல்ட்தான். இதையே திருப்பிப் பாருங்கள்: ஸ்மால் பிளைண்டில் நீங்கள் இருந்து, எதிரில் இருப்பவர் இந்தக் கணக்குத் தெரிந்தவர் என்றால், மோசமான கையையும் தள்ளலாம். கணக்குத் தெரியாமல் ராணி-7-ஐக் கால் பண்ணுபவர் என்றால் அந்தக் கையைத் தள்ளக்கூடாது. இருவருக்கும் நஷ்டமாகி, வேடிக்கை பார்க்கும் மற்ற இருவருக்குத்தான் பணம் போகும்.

பழகும் முறை எளிது. ஒரு கட்டு கார்டைக் கலைத்து இரண்டு எடுத்து, இடத்தையும் ஸ்டாக்கையும் சீட்டில் எழுதி வைத்துக் குலுக்கி எடுத்து, ஐந்து நொடியில் முடிவைச் சொல்லி, நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கால்குலேட்டரில் சரிபார்ப்பது பிறகு, மொத்தமாக. ஒவ்வொன்றாக உடனே பார்த்தால் விடை மனப்பாடம் ஆகிறது, கணக்கு ஆவதில்லை. தள்ளுவதையும் கால் பண்ணுவதையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினால் எந்தப் பக்கம் தவறு குவிகிறது என்று தெரியும். பெரும்பாலும் கால் பக்கம்தான்.

அடுத்து எடுத்திருப்பது சமமில்லாத ஸ்டாக்குகள்: 20, 10, 8, 2 என்று நான்கு பேர். இரண்டு பிளைண்டோடு ஒருவர் வெளியேறக் காத்திருக்கும்போது, 10-உம் 8-உம் ஒருவரோடொருவர் மோதவே கூடாது. 20 வைத்திருப்பவர் அந்த இருவர் மேலும் கை பார்க்காமலேயே தள்ளிக்கொண்டிருக்கலாம். ஸ்டாக்குகளை ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றிப்போட்டு, எட்டு பிளைண்ட் வைத்திருப்பவர் எந்தக் கைகளைக் கால் பண்ணலாம் என்பதை முதலில் எழுதி முடிக்க வேண்டும்.