‘பார்’ என்ற சொல்லோடு ஓராண்டு

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பல நிறுவனங்கள் தனித்தனியே சேர்த்து வைத்திருந்த கடல்வாழ் உயிரினத் தரவுகளை ஒரே களஞ்சியத்தில் இணைக்கும் கூட்டுத் திட்டம் ஒன்றில், பொதுச்சொற்களை முடிவு செய்யும் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மண்டபம் என்ற கடலோர ஊரில் நடந்த முதல் கூட்டத்தில் எங்கள் அனைவருடைய கவலையும் சேமிப்பகத்தைப் பற்றியும் அனுமதிகளைப் பற்றியும்தான் இருந்தது. சொற்களுக்கு ஒரு பிற்பகல் போதும் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தோம்.

அந்தக் கணிப்பு எவ்வளவு தவறு என்பது முதல் இணைப்பு முயற்சியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு குழு மீனவர்களிடம் கேட்டு எழுதிய ஆழங்கள் பாகக் கணக்கில் இருந்தன. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி, அதாவது 1.8 மீட்டர். அலகு குறிக்கப்படாததால் அந்த எண்கள் மீட்டராகவே ஏறின. ஐந்து பாகத்தில், அதாவது ஒன்பது மீட்டரில், பார்த்த உயிரினம் ஐந்து மீட்டரில் வாழ்வதாகப் பதிவாயிற்று. அதைவிட மோசமானது தாழை. தொண்டிப் பக்கத்துக் கடற்கரையில் தாழை என்றால் கடலடியில் புல்வெளியாகப் படர்ந்திருக்கும் கடல்தாழை. சொற்களைப் பொருத்திய கணினி நிரல் அகராதியைப் பார்த்து அதைக் கரையில் வளரும் தாழம்பூச் செடியாக எடுத்துக்கொண்டது. கடலடியில் தாழம்பூச் செடி வளர்வதாகக் காட்டிய அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அச்சம் ஏற்பட்டது. கண்ணில் பட்ட பிழை இது ஒன்று, படாதவை எத்தனை என்ற அச்சம்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது பெரிய சிக்கலே அல்ல என்பதை விரைவில் கண்டுகொண்டோம். வனத்துறை ஆவணங்களில் கடற்பசு என்றிருப்பதை மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் அதற்கு ஓர் அறிவியல் பெயரும் ஓர் எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணோடு இரு பெயர்களையும் கட்டிவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பதிவுகள் கிடைக்கும். பாம்பனில் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் ஆண்கடல் என்றும், பாக் விரிகுடாவை வடகடல் என்றும் பெண்கடல் என்றும் சொல்வதும் அப்படித்தான். அரிச்சல்முனைக்கு அப்பால் இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதில் மட்டும் ஒரு நாள் போயிற்று.

ஒரே பெயரில் பல பொருள்கள் ஒளிந்திருப்பதுதான் கடினம். பார் என்ற சொல் எங்களிடமிருந்து ஏறத்தாழ ஓராண்டை எடுத்துக்கொண்டது.

மணலும் சேறுமான கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் கெட்டியான தளம் எதுவும் மீனவருக்குப் பார்தான். வலை சிக்கும் இடம், மீன் கூடும் இடம். பவளம் ஆராயும் குழு தன் தரவில் பார் என்ற இடத்திலெல்லாம் பவளத்திட்டு என்று மொழிபெயர்த்திருந்தது. சிப்பி ஆராயும் குழுவுக்கு அது முத்துச்சிப்பிப் படுகை. பழைய ஆங்கில அறிக்கைகள்கூட முத்துப் படுகைகளைக் குறிக்கப் பார் என்ற தமிழ்ச் சொல்லையே எடுத்து ஆண்டிருக்கின்றன. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்ததால், இந்தக் கடலைப் பற்றிய பழைய எழுத்து ஏராளம்; அவற்றைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் படைப்பதும் இயலாது. மூன்று தரவுகளையும் அப்படியே கூட்டியிருந்தால், பவளமே இல்லாத வெறும் கல்தளமும் பவளப் பரப்பில் சேர்ந்திருக்கும். அந்தப் பரப்பை நம்பித்தான் பிறகு பாதுகாப்புத் திட்டம் போடுவார்கள்.

முதல் சில மாதங்கள் எந்தப் பெயரைத் தேர்வது என்றே வாதிட்டோம். ஒவ்வொரு குழுவும் தன் சொல்லை விட்டுக்கொடுப்பதைத் தன் உழைப்பை விட்டுக்கொடுப்பதாகவே எண்ணியது. நானும் அதற்கு விலக்கல்ல. ஒருமுறை வாக்கெடுப்பும் நடத்தினோம். பெரிய குழுவின் சொல் வென்றது, மற்ற குழுக்கள் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டு பழைய பொருளிலேயே பயன்படுத்தின. வாக்கெடுப்பு நடத்தியது என் தவறு. ஒருவர் தம் பழைய பதிவுகளைத் திறந்து, இந்த வரையறைக்குள் இவை அடங்கும், இவை அடங்கா என்று பிரித்துக் காட்டாதவரை அவர் சொல்லும் ‘சரி’ என்ற ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

எங்களை அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு பெண். உள்ளூர்ப் பெயர்களைச் சரிபார்ப்பதற்காக அவரைச் சந்திக்கப் போயிருந்தோம். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கொத்தைக் காட்டி, “அக்கா, இதுவும் பாசிதானே?” என்று எங்கள் ஆய்வு மாணவர் கேட்டார். பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிய விரல்களால் அவர் அதை எடுத்து அடிப்பகுதியைத் திருப்பிக் காட்டினார். “இது தாழை தம்பி. வேரு இருக்கு பாருங்க. பாசிக்கு வேரு கிடையாது, கல்லப் பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கும்.” பிறகு தம் பையிலிருந்து கஞ்சிப்பாசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மண்ணில் வேரூன்றிப் பூத்து வாழும் தாவரம் கடல்தாழை என்பதும், பற்றுறுப்பால் கல்லைப் பற்றி நிற்பது பாசி என்பதும் பாடப்புத்தகத்திலும் உள்ளவைதான். ஆனால் அவர் பெயரிலிருந்து தொடங்கவில்லை. கையில் எடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்.

அதன் பிறகு எங்கள் படிவத்தின் வரிசையை மாற்றினோம். களத்தில் எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது முதல் கட்டம், எது இதில் அடங்காது என்பது இரண்டாவது, பெயர் கடைசி. பாருக்கு அவ்வாறு எழுதியபோது பாதிச் சச்சரவு அடங்கியது. சுற்றியுள்ள தரையிலிருந்து எழும்பிய கெட்டித் தளம் என்ற விரிந்த பொருளில் பார் அப்படியே நின்றது. அதன் கீழே உயிருள்ள பவளம் உள்ளது பவளப்பார், சிப்பிக் கூட்டம் உள்ளது சிப்பிப்பார், இரண்டும் இல்லாதது கல்பார் என்று பிரித்தோம். எத்தனை விழுக்காடு பவளம் இருந்தால் பவளப்பார் என்பதில் மீண்டும் முட்டிக்கொண்டோம். கடைசியில் எல்லை எதையும் வரையறைக்குள் வைக்காமல், பார்த்த விழுக்காட்டைத் தனியே எழுதச் சொன்னோம். இந்த முடிவில் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை உண்டு. எல்லையைப் பின்னால் வருபவர் தம் கேள்விக்கேற்ப வைத்துக்கொள்ளலாம், எழுதாமல் விட்ட அளவை யாராலும் மீட்க முடியாது.

மீதிச் சிக்கல் நினைவோடு தொடர்புடையது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சிப்பி அருகிய பிறகும் ஓர் இடத்தைக் கடலோடிகள் முத்துப்பார் என்றே அழைக்கிறார்கள். அதைப் பிழை என்று திருத்த நமக்கு உரிமையில்லை. ஆனைப்பார் என்பது ஒரு தீவின் பெயர். 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன; பெயர்ப்பட்டியலில் அவை தீவுகள், கடலில் அவை திட்டுகள். எனவே இடப்பெயரையும், அந்த இடம் பதிவு நாளில் இருந்த நிலையையும் வெவ்வேறு கட்டங்களாக்கினோம். உயிரினப் பதிவுகளை ஒரே வடிவில் எழுதிப் பகிர்வதற்கென 2009-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட டார்வின் கோர் இதற்குக் கைகொடுத்தது. ஆழத்தை மீட்டரில் எழுத அதில் ஓர் இடமும், சொன்னது சொன்னபடியே எழுத வேறோர் இடமும் இருக்கின்றன, இடத்துக்கும் அப்படியே. ‘அஞ்சு பாகம், முத்துப்பாருக்கு வடக்கே’ என்ற மீனவரின் வாக்கு இன்று மீட்டர் கணக்குக்குப் பக்கத்தில் அழியாமல் இருக்கிறது.

ஒருமுறை வெளியிட்ட சொல்லை நீக்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். தவறென்று தெரிந்தால் கைவிடப்பட்டது என்று குறித்து, சரியான சொல்லின் எண்ணைப் பக்கத்தில் எழுதுகிறோம். பழைய பதிவுகள் அந்த எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? வாக்கெடுப்பில் வென்ற அந்தச் சொல்லும் அப்படித்தான் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் சொற்பட்டியலில் கட்டக்கோரை என்ற பாசிப்பெயருக்கான வரி மட்டும் இன்னும் முடியவில்லை. அது ஓர் இனத்தின் பெயரா, பல இனங்களுக்கான பொதுப்பெயரா என்பதில் மண்டபத்தாரும் பாம்பனாரும் வேறுபடுகிறார்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். அடுத்த பருவத்தில் இரண்டு ஊர்ப் பெண்களும் எடுத்து வரும் பாசியை ஒரே பாயில் பரப்பி வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.