கையால் செய்ததா என்று கேட்டால்

கனடாவில், படகுத் துடுப்பு செய்கிற பட்டறையில் சேர்ந்து எட்டாவது மாதம் என்று நினைக்கிறேன். மே மாத சனிக்கிழமை, கோடைக் கூட்டம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ஒரு அம்மா உள்ளே வந்து செர்ரி மரத்துடுப்பு ஒன்றைக் கையில் எடுத்தார், அதில் தொங்கிய 'கையால் செய்தது' என்ற அட்டையைப் படித்தார், "இது முழுக்க முழுக்கக் கையால் செய்ததா?" என்று கேட்டார். பின்பக்கம் பேண்ட்சா, அதாவது மரம் அறுக்கிற பட்டை ரம்ப இயந்திரம், ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு போனார், 200 டாலருக்கு மேல் விலை, பேரம்கூடப் பேசவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க என்னவோ போல இருந்தது.

சாயங்காலம் முதலாளியிடம் கேட்டேன், நாம் அப்படிப் போடுவது சரியா என்று. எழுபதைத் தாண்டியவர், எதற்கும் அவசரப்பட மாட்டார். "அந்த அட்டையை எழுதியது என் மனைவி, அவளிடம் போய்க் கேள்" என்றார். நான் கேட்கவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா தச்சர். கதவு, நிலை, கட்டில் எல்லாம் செய்வார், ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு அவ்வப்போது துடுப்பும் செய்து கொடுப்பார். அதைவிட அதிகமாக அவர் கையில் செய்து விற்றது களி கிண்டுகிற துடுப்புதான், எங்கள் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது. நான் அந்த வேலை வேண்டாம் என்று டிப்ளமோ படித்து, சுற்றிச் சுற்றி டொரன்டோ வந்து, சமையலறை அலமாரி செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தேன். மர வேலை என்று பேர், ஆனால் மரத்தைத் தொட்டதே இல்லை. மெலமைன் ஒட்டிய பலகையை, கணினி சொல்கிறபடி தானாக வெட்டுகிற சிஎன்சி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், இறக்க வேண்டும். ஆட்குறைப்பில் என் பேரும் வந்தது. அப்புறம்தான் ஒரு நண்பன் மூலமாக இந்த இடம், டொரன்டோவுக்கு வடக்கே அல்கான்குவின் என்கிற காட்டுப் பூங்காவுக்குப் போகிற வழியில், மொத்தம் மூன்று பேர் வேலை செய்கிற பட்டறை.

முதல் இரண்டு வாரம் என்னைக் கத்தியைத் தொடவே விடவில்லை. பலகை பொறுக்கச் சொன்னார். ஒன்றே கால் அங்குலக் கனம், ஆறரை அங்குல அகலம், ஐந்தரை அடி நீளத்துக்கு ஒரு பலகை இருந்தால் ஒரு துடுப்பு. கணு இருக்கக் கூடாது, வெடிப்பு இருக்கக் கூடாது, அதெல்லாம் யாருக்கும் தெரியும். அவர் பார்க்கச் சொன்னது பலகையின் பக்கவாட்டை. அங்கே மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட வேண்டும். ஒரு அடி ஓடிவிட்டுச் சாய்ந்து வெளியே போய்விட்டால், தண்டு பின்னால் அதே இடத்தில்தான் உடையும், அதுவும் பாறைக்கு நடுவில் வேகமாகத் தண்ணீர் ஓடுகிற இடத்தில். நான் நல்லது என்று எடுத்து வைத்த பன்னிரண்டு பலகையில் அவர் ஏழைத் திருப்பி அடுக்கில் போட்டார். காரணம் சொல்லவில்லை. மறுநாள் அந்த ஏழையும் நானே எடுத்து வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கொஞ்சம் பிடிபட்டது.

முன்பு ஆஷ் மரத்திலும் நிறைய செய்தார்களாம். செர்ரியைவிடக் கனம், ஆனால் வளைந்து கொடுக்கும், சுலபத்தில் உடையாது. 2002-இல் அமெரிக்க, கனடா எல்லையில் டெட்ராய்ட், வின்சர் பக்கம் ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, ஆசியாவிலிருந்து வந்தது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து குடைந்து எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வடக்கே வருகிறது. நின்றபடி செத்த மரம் சீக்கிரமே சட்டென்று முறிகிற மாதிரி ஆகிவிடும், துடுப்புக்கு ஆகாது. அதனால் இப்போது பெரும்பாலும் செர்ரி. பழக்கடையில் பார்க்கிற செர்ரி இல்லை, இது காட்டில் வளர்கிற கருஞ்செர்ரி, பழம் சின்னது, குருவிதான் தின்னும். புதிதாகச் சீவும்போது வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும், வெயில் பட்டால் ஒரு வருடத்தில் செம்பழுப்பாகிவிடும்.

வேலைக்கு வருவோம். பலகையில் நடுக்கோடு போட்டு, அட்டை அச்சு வைத்து வரைந்து, பேண்ட்சாவில் வெட்டுவது பத்து நிமிடம். இவ்வளவுதான் இயந்திரம். அப்போது கையில் இருப்பது துடுப்பு மாதிரி இருக்கிற ஒரு கட்டை, எங்கும் ஒரே கனம். மீதி ஐந்து ஆறு மணி நேரம் அதிலிருந்து வேண்டாத மரத்தைக் கழிப்பதுதான்.

அகன்ற பாகத்தை இலை என்று சொல்கிறேன். இலையின் விளிம்பைச் சுற்றி இரண்டு கோடு போடுவோம், நடுவில் இரண்டு நூல் இடைவெளி. (நூல் என்று நான் சொன்னதும் பட்டறையில் யாருக்கும் புரியவில்லை. எங்கள் ஊர்த் தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இப்போது முதலாளியும் சில சமயம் "ஒன் நூல்" என்கிறார்.) விளிம்பு அந்தக் கனத்துக்கு வர வேண்டும், நடுமுதுகு மட்டும் கொஞ்சம் மேடாக நிற்க வேண்டும். முதலில் இரண்டு கைப்பிடிக்கு நடுவே நீளக் கத்தி இருக்கிற கருவி, அதைத் தன் பக்கம் இழுத்துச் சீவுவோம். அப்புறம் ஸ்போக்‌ஷேவ், அதாவது இரண்டு பக்கமும் பிடி வைத்த குட்டி இழைப்புளி.

கஷ்டம் கழுத்தில்தான். தண்டு இலையாக விரிகிற அந்த வளைவில், இரண்டு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை நோக்கி இறங்கிச் சீவ வேண்டும், பள்ளத்தின் அடியைத் தாண்டி ஒரு இம்மி மேலே ஏறினாலும் கத்தி ரேகைக்குள் புகுந்து சிராயாகப் பிய்த்துவிடும். பிய்வதற்கு முன்னால் சத்தம் மாறும். சரியாகப் போனால் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சீரான சத்தம், தப்பாகப் போகப்போகிறது என்றால் கரகரப்பு. அதனாலேயே பட்டறையில் யாரும் பாட்டுப் போடுவதில்லை. தொழிற்சாலையில் நான் ஆறு வருடம் காதில் அடைப்பானோடு வேலை பார்த்தவன், எனக்கு இந்தக் காது வருவதற்கே இரண்டு மாதம் ஆனது.

புதிதாகச் செய்கிற எல்லோரும் கழுத்தில்தான் மரத்தை விட்டுவிடுவோம், உடைந்துவிடுமோ என்ற பயம். என் முதல் துடுப்பு 880 கிராம். அவர் செய்வது 700-க்குள் இருக்கும். "180 கிராம்தானே" என்றேன். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு முப்பது தடவை வலிப்பாய், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் 9,000 தடவை. நூறு கிராம் கூடுதல் என்றால் ஒரே நாளில் 900 கிலோவைச் சும்மா தூக்கி இறக்குகிறாய். நான் பேசாமல் போய் மறுபடியும் கழுத்தைச் சீவினேன்.

மூன்றாவது துடுப்புதான் என் திமிரை அடக்கியது. பார்க்க அவ்வளவு அழகு. சாய்ந்த வெளிச்சத்தில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து மேடு பள்ளம் எல்லாம் எடுத்திருந்தேன், தண்டை எட்டுப் பட்டையாக்கி, பதினாறு பட்டையாக்கி, லேசான முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்து, உப்புத்தாள் 220 நம்பர் வரை தேய்த்திருந்தேன். எண்ணெய் பூசுவதற்கு முன்னால் முதலாளி ஒரு வேலை செய்வார், துடுப்பைப் பச்சையாகவே ஏரிக்குக் கொண்டுபோய் வலித்துப் பார்ப்பார். நனைந்தால் மரத்தின் மயிர் எழுந்து நிற்கும், காய்ந்ததும் அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பின்னால் எழாது, அது ஒரு காரணம். தண்ணீர் கை வைக்க முடியாத குளிர். என்னைப் படகின் முன்னால் உட்காரவைத்து வலிக்கச் சொன்னார். நேராக இழுக்கிறேன், துடுப்பு தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் படபடக்கிறது, வாலாட்டுகிற மாதிரி. இலையின் ஒரு முகம் இன்னொரு முகத்தைவிட ஒரு நூல்கூட இல்லை, அரை நூல் தட்டையாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கிப் போகாவிட்டால் இப்படித்தான் ஆடும் என்றார். இன்னும் சீவிச் சரிசெய்ய இலையில் கனமும் மிச்சமில்லை.

தொழிற்சாலையில் என் தப்பு எதுவானாலும் திரையில் எண்ணாக வந்துவிடும், ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர். யாருக்கும் அதில் வருத்தம் வராது, பலகையைக் குப்பையில் போட்டு அடுத்ததை ஏற்றுவோம். இங்கே அந்த ஆறு மணி நேரமும் என்னுடையது. அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை என்றால் மிகையாகத்தான் இருக்கும், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை.

எண்ணெய் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாராவது வீட்டில் முயற்சி செய்தால் உதவும். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் பூசப் பயன்படுத்திய துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகும், சுருட்டி வைத்தால் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கலாம். நான் ஒருமுறை மறந்து போட்டுவிட்டு, சில மணி நேரத்தில் தீய்ந்த வாசனை வந்து ஓடிப்போய் எடுத்தேன், துணி கையில் சுட்டது. இப்போது வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுகிறோம். பிடியில் வார்னிஷும் வேண்டாம், கை கொப்பளிக்கும், எண்ணெய் மட்டும் போதும்.

பீட்டர்பரோவில் கனேடிய கேனோ அருங்காட்சியகம் இருக்கிறது (கேனோ என்றால் எங்கள் துடுப்புகள் போகிற குறுகலான படகு), 2024-இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்கு மாறியது, 600-க்கு மேல் படகுகள். அங்கே நான் ரொம்ப நேரம் நின்றது படகு முன்னால் இல்லை, வளைந்த கத்தி ஒன்றின் முன்னால். அனிஷினாபே மக்களும் இந்தக் காட்டின் மற்ற பூர்வகுடிகளும் பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டைப் படகையும் துடுப்பையும் பெரும்பாலும் கோடாலியும் இந்தக் கத்தியும் வைத்தே செய்தார்கள். ஒரு கையால் தன்னை நோக்கி இழுத்துச் சீவுவது. இன்னொரு கைதான் மரத்தைப் பிடிக்கிறது, மேசை வேண்டாம், இடுக்கி வேண்டாம், காட்டில் ஒரு கட்டைமேல் உட்கார்ந்தே செய்துவிடலாம். அதைப் பார்த்தபோது அந்த அட்டை மறுபடியும் ஞாபகம் வந்தது. அவர்கள் கணக்கில் நாங்கள் கையால் செய்யவே இல்லை. என் பழைய தொழிற்சாலைக் கணக்கில் நாங்கள் செய்வது முழுக்கக் கைவேலை.

அப்பாவிடம் வீடியோவில் பேசும்போது இதைச் சொன்னேன். அவர் முதலில் விலையைத்தான் கேட்டார், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏன் கண்ணு, அறுப்பு மில்லுல அறுத்த பலகையிலதான் நானும் நாப்பது வருசமா செஞ்சேன், எவனாவது என்னை மிசின்ல செஞ்சியான்னு கேட்டானா?" என்றார். அப்புறம் தண்டைக் காட்டச் சொன்னார், கேமரா பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "கழுத்துல இன்னும் இருக்கு, எடு" என்றார்.

இப்போது யாராவது கேட்டால், வெளிவடிவம் மட்டும் இயந்திரம், மீதி எல்லாம் கை என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர்கூட அதற்காக வாங்காமல் போனதில்லை. அட்டையை மாற்றவில்லை.

அந்த மூன்றாவது துடுப்பை எறிய மனசு வரவில்லை. இலையை அறுத்துப் போட்டுவிட்டு, தண்டை இரண்டடிக்கு வெட்டி, முனையைத் தட்டையாக்கி டொரன்டோ வீட்டுக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் பூசாதது நல்லதாகப் போயிற்று. அங்கே இந்தியக் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்தத் துடுப்பால்தான் களி கிண்டுகிறாள். நேராகத்தான் போகிறது, ஆடவில்லை என்கிறாள்.