மணல் மூட்டைக்குப் பின்னால்

கொழும்பு ஆமர் வீதிச் சந்திக்கு அருகில் ஐந்து மாடி வணிகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பைப் பல வருடங்கள் பார்த்துவந்தேன். தரைத்தளத்தில் இரும்புக்கடையும் துணிக் களஞ்சியமும் இருந்தன. மேலே அலுவலகங்கள், கீழே, வீதி மட்டத்துக்கும் தாழ்வாக, வாகனத் தரிப்பிடமும் மின்பெட்டி அறையும். அந்தச் சந்தியை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரம் மழை அடித்துப் பெய்தால் முச்சக்கர வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

2010 நவம்பர் 10 இரவு பெய்தது அப்படிப்பட்ட மழையல்ல. கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நாடாளுமன்ற வளாகமே தண்ணீரில் நின்றது. தீபாவளி முடிந்து ஐந்து நாள்தான். துணிக் களஞ்சியத்தில் நத்தார்ச் சரக்கு தரையோடு தரையாக அடுக்கியிருந்தது. பலகைத் தட்டுகளின் மேல் வையுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அந்த வியாபாரி கேட்டதில்லை.

வாசலில் மணல் மூட்டைகளை இடுப்பளவு அடுக்கி, இடையில் தார்ப்பாய் விரித்திருந்தோம். வீதியில் தண்ணீர் ஏறியும் வாசல் தாங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது துப்புரவு செய்யும் அக்கா ஓடி வந்தார்.

"ஐயா, கழிவறைக்குள் தண்ணீர் பொங்குகிறது."

வெளியே போகும் வழியைத் தண்ணீர் உள்ளே வருவதற்குப் பிடித்துக்கொண்டது. வீதி வடிகானின் நீர்மட்டம் நம் தரையைவிட உயர்ந்துவிட்டால் கழிவுக் குழாய் எதிர்த்திசையில் ஓடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். அன்றிரவு அது என் மூளைக்கு எட்டவில்லை. பம்பியைப் போட்டு, குழாயை மூட்டைகளுக்கு மேலாக வீதி வடிகானில் விட்டேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் சோக்கட்டியால் கோடும் கிழித்தேன். ஒரு மணி நேரமாகியும் கோடு வெளியே தெரியவில்லை. நாங்கள் வடிகானுக்குக் கொடுத்ததை அது அப்படியே திருப்பித் தந்துகொண்டிருந்தது.

களனி கங்கையை அண்டிய தாழ்நிலமான வெல்லம்பிட்டியிலிருந்து வேலைக்கு வரும் காவலாளி ஒருவர் இருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதலில் துளையை அடையுங்கள் ஐயா, பிறகு இறையுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். துணி சுற்றிய மரக்கட்டையை ஒவ்வொரு தரைத் துளையிலும் அடித்து இறுக்கி, மேலே மணல் மூட்டை வைத்தார். விடியும்போது கோட்டுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. ஆனால் மின்பெட்டி அதற்குள் நனைந்துவிட்டது.

அதன்பிறகு வெளியேறும் குழாயில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வு பொருத்தினோம். ஒரு பொலித்தீன் பை சிக்கினாலும் அது மூடாது. ஆகவே மே மாத மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்னர் கழற்றிக் கழுவுவது வழக்கமாயிற்று. மழை வலுத்தால் மின்தூக்கியை மேல் மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிப்போம். அதற்குச் சதச் செலவில்லை. மின்பெட்டியை முதலாம் மாடிக்கு ஏற்றுவதுதான் பெரும் போராட்டம். "வருடத்தில் இரண்டு நாளுக்காகவா?" என்று முதலாளி கேட்டார். நனைந்த பெட்டியைத் திருத்திய பற்றுச்சீட்டை மேசையில் வைத்தேன்.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியது. கொழும்பில் அந்த ஆற்றின் உயரத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் 7 அடியைத் தாண்டியது. ஆறு உயர்ந்து நின்றால் நகரத்துக் கால்வாய்கள் அதற்குள் வடிய முடியாது. மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்கும். எங்கள் கீழ்த்தளத்தில் ஈரம்கூட இல்லை.

காவலாளியின் வீடு கூரைவரை மூழ்கியிருந்தது. பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அந்த வாரமும் அவர் இரவு வேலைக்கு வந்தார். வால்வைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். வெள்ளம் வற்றியதும், வீட்டுக்குள் தேங்கியதை இறைக்கப் பம்பியை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டார். முதலாளியிடம் கேட்காமலே கொடுத்தேன்.